வால்வு மாத்தறதுக்கு அலாரமும் டைமரும் இருக்கற வாட்ச்: எது வாங்கறதுங்க?

வாய்க்கால்மேடு (பொள்ளாச்சி)

தென்னைக்குச் சொட்டுநீர், மொத்தம் நாலு வால்வு. ஒவ்வொண்ணுக்கும் 45 நிமிஷம் தண்ணி. போன்ல டைமர் வெச்சா ஈரக்கைக்கு டச் வேலை செய்யறதில்ல, சாளையில வெச்சுட்டுப் போனா சத்தம் கேக்கறதில்ல. அதனால கையில கட்டற வாட்ச் ஒண்ணு வேணுமுங்க. டைமர் கட்டாயம். அலாரம் நாலாவது இருக்கோணும். தண்ணி படலாம், வெயில்ல நம்பர் தெரியோணும். 3,000 ரூபாய்க்குள்ள.

கேசியோ எஃப்-91டபிள்யூ போதுமுங்களா? இன்னொண்ணு, பாதி நாள் எங்கய்யன்தான் கட்டிக்குவாரு. 70 தாண்டிருச்சு, பீப் சத்தம் காதுல ஏறாது.

---

மோட்டார்ரூம் (தாராபுரம்)

எஃப்-91டபிள்யூ உங்களுக்கு ஆகாதுங்க. 1989-ல வந்த மாடல், 21 கிராம், ஒரு பேட்டரி ஏழு வருஷம் ஓடும், எல்லாம் சரி. ஆனா அதுல இருக்கறது ஒரே ஒரு அலாரம், மணிக்கொருக்கா ஒரு பீப், ஒரு ஸ்டாப்வாட்ச். இறங்கி எண்ணற டைமரே கிடையாது. நிறையப் பேரு ஸ்டாப்வாட்சையும் டைமரையும் ஒண்ணுன்னு நெனச்சு வாங்கிடறாங்க. ஸ்டாப்வாட்ச் ஏறிக்கிட்டேதான் போகும், 45 நிமிஷம் ஆச்சுன்னு சத்தம் போடாது.

அடுத்தது, நாலு வால்வுக்கு நாலு அலாரம்னு கணக்குப் போடறீங்க. மோட்டார் ஓட்டற த்ரீ பேஸ் கரண்ட் சரியா 6 மணிக்கு வந்தா அது நடக்கும்: 6:45, 7:30, 8:15, 9:00. கரண்ட் 6:20-க்கு வந்தா நாலையும் மாத்தி வைக்கோணும். நடுவுல 15 நிமிஷம் கட் ஆனா மறுபடியும் மாத்தோணும். டைமர்னா கரண்ட் போனதும் ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனை ஒரு தடவை அமுத்துங்க, நிக்கும். வந்ததும் இன்னொரு தடவை அமுத்தினா விட்ட இடத்துல இருந்து ஓடும். தண்ணி பாஞ்ச நேரம் மட்டும் கணக்குல வரும். அலாரத்தை இப்படி நிறுத்தி வைக்க முடியாதுங்க. அதனால முதல்ல டைமரைப் பாருங்க, அலாரம் எத்தனைங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்.

டைமர்லயும் கேக்க வேண்டிய ஒரே கேள்வி, 'ஆட்டோ ரிப்பீட் இருக்கா?' அது இருந்தா 45 முடிஞ்சு பீப் அடிக்கறப்பவே அடுத்த 45 தானா ஓட ஆரம்பிச்சுரும். இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் நீங்கதான் அமுத்தோணும். வால்வுக்கு நடந்து போய் அமுத்தினா மூணு நிமிஷம் தள்ளிப் போகும், நாலு வால்வுக்கு 12 நிமிஷம். பீப் கேட்ட இடத்துலயே அமுத்திட்டு நடந்தா அந்தத் தொல்லை இல்ல, மறக்காம இருந்தாச் சரி.

கடையில பெட்டியில எழுதினதை நம்ப வேண்டாம். டைமரை 1 நிமிஷத்துக்கு வெச்சு ஓட விடுங்க. பூஜ்யம் வந்ததும் தானா மறுபடி இறங்குதா, 1:00-ல நின்னுக்குதான்னு கண்ணால பாத்துட்டு வாங்குங்க. சிலதுல ரிப்பீட் இத்தனை தடவைதான்னு வரம்பும் இருக்கும்.

உங்க பட்ஜெட்டை ஒட்டிப் பாத்தா கேசியோ ஏஇ-1200டபிள்யூஎச். அஞ்சு அலாரம், அதுல ஒண்ணு ஸ்னூஸ், 24 மணி நேரம் வரைக்கும் டைமர், தண்ணிக்கு 100 மீட்டர் தாங்கும், பத்து வருஷ பேட்டரி. குறைன்னா உலக மேப்பு முகத்துல இடத்தைப் பிடிச்சுக்குது, நம்பர் அந்தளவுக்குப் பெருசில்ல. ஜி-ஷாக் டிடபிள்யூ-5600-ல ஆட்டோ ரிப்பீட் இருக்குது, 200 மீட்டர் தாங்கும், ஆனா பட்ஜெட்டைத் தாண்டிரும்.

கருப்புல வெள்ளை எழுத்து வர்ற டிஸ்பிளேவை மட்டும் தொடாதீங்க. கடை லைட்டுல அழகா இருக்கும், உச்சி வெயில்ல ஒண்ணும் தெரியாது.

---

தறிச்சத்தம் (சோமனூர்)

அய்யன் கட்டறாருன்னா மேல சொன்னது பாதிதான் உதவும். இந்த வாட்சுகளோட பீப் ரொம்பக் கீச்சுச் சத்தம். வயசானா காது முதல்ல இழக்கறது அந்த உயர்ந்த சுதியைத்தான். பேச்சு நல்லாக் கேக்கும், வாட்ச் கேக்காது. சத்தம் பெருசா இருக்கற மாடல்னு தேடறது வீண் வேலை.

அதிர்வு இருக்கற வாட்ச் பாருங்க. கேசியோவுல டபிள்யூ-735எச் அப்படி ஒண்ணு. டைமரும் உண்டு, 100 மீட்டரும் உண்டு. தறி ஓடற இடத்துல பீப் எந்தக் காதுக்கும் கேக்காது, அங்க உருப்படியான வழி இதுதான். பட்டையைத் தொளதொளன்னு கட்டினா அதிர்வு தெரியாது. மணிக்கட்டு எலும்புக்கு மேல ஏத்தி, ஒரு விரல் நுழையற அளவுக்கு இறுக்கோணும். அதிர வைக்கற குட்டி மோட்டார் பேட்டரியைத் தின்னும், அதனால மணிக்கொருக்கா வர்ற அறிவிப்பை ஆஃப் பண்ணிருங்க.

ஸ்மார்ட் பேண்டும் அதிரும். ஆனா அடிக்கடி சார்ஜ் போடோணும், ஈரக்கை வம்பும் போனுக்கு மாதிரியேதான். பட்டன் இருக்கறதே தோட்டத்துக்கு லாயக்கு.

---

சின்னஸ்க்ரூ (ஈரோடு)

வாங்கறதைப் பத்திச் சொல்லிட்டாங்க. கெட்டுப் போறதைப் பத்திக் கொஞ்சம்.

'பேட்டரி மாத்தினதுல இருந்து அலாரம் அடிக்கறதில்ல'ங்கறது ரிப்பேருக்கு அடிக்கடி வர்ற கேஸ். பின்மூடியோட உள்பக்கம் ஒட்டியிருக்கற மெல்லிசு வட்டத் தகடுதான் சத்தம் போடற பஸ்ஸர். மிஷின்ல இருந்து அதுக்குக் கரண்ட் கொண்டு போறது மயிரிழை மாதிரி ஒரு குட்டி ஸ்பிரிங். மூடியைக் கழட்டறப்ப அது துள்ளி ஓடிரும். வாட்ச் ஓடும், லைட் எரியும், சத்தம் மட்டும் வராது. அதனால நாலு ஸ்க்ரூவையும் கழட்டிட்டு, முகத்தைக் கீழ வெச்சு, வெள்ளைத் துணி மேல வெச்சுத் திறக்கோணும். ஸ்பிரிங் நிக்குதான்னு பாத்துட்டுத்தான் மூடோணும். பஸ்ஸர் தகட்டை எண்ணெய்க் கையால தேய்க்காதீங்க.

பேட்டரி நம்பர் முக்கியம். சிஆர்2016, சிஆர்2025 ரெண்டும் 3 வோல்ட், ரெண்டுக்கும் அகலம் 20 மி.மீ. தடிமன்தான் வேற: 1.6, 2.5. 2016 போடற இடத்துல 2025-ஐத் திணிச்சா மூடி உப்பிக்கிட்டு ரப்பர் வளையம் உக்காராது, தண்ணி இறங்கிரும். ஏஇ-1200-க்கு 2025, எஃப்-91-க்கு 2016. புதுசு போட்டதும் டிஸ்பிளே கன்னாபின்னான்னு வந்தா, 'ஏசி'ன்னு போட்டிருக்கற புள்ளியையும் பேட்டரியோட பிளஸ் பக்கத்தையும் ட்வீசர்ல ரெண்டு செகண்ட் சேத்துப் பிடிங்க, சரியாயிரும். ரப்பர் வளையத்துக்குத் துளி சிலிக்கான் கிரீஸ்.

அலாரம் அடிக்கறப்ப டிஸ்பிளே மங்குச்சுன்னா பேட்டரி முடியப் போகுதுன்னு அர்த்தம். நேரம் ஓடிக்கிட்டுதான் இருக்கும், சத்தமும் லைட்டும் முன்னாடி போயிரும்.

100 மீட்டர்னு போட்டிருந்தாலும் தண்ணிக்குள்ள பட்டனை அமுத்தாதீங்க. 30 மீட்டர்னா தெறிக்கற தண்ணிக்கு மட்டுந்தான். சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் விடற அன்னைக்கும் மருந்தடிக்கற அன்னைக்கும் கழட்டி வெச்சுருங்க, இல்லைன்னா பட்டை சீக்கிரமா வெடிக்கும்.

---

வாய்க்கால்மேடு

ரொம்ப நன்றிங்க. அய்யனுக்கு அதிர்றது, எனக்கு ஏஇ-1200 அப்படின்னு ரோசனை. செட்டிங்ல எங்க தப்பு வரும்னும் சொல்லிருங்க.

---

மோட்டார்ரூம்

முதல்ல ஊரு. ஏஇ-1200-ல ஹோம் சிட்டியை டெல்லின்னு வைங்க, +5.5. டிஎஸ்டி (சில நாட்டுல கோடைக்கு நேரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வைக்கறது) ஆஃப்ல இருக்கோணும். தெரியாம ஆன் ஆனா நேரம் ஒரு மணி முன்னால போகும், அலாரமும் கூடவே போகும்.

அடுத்தது 24 மணிக் கணக்குக்கு மாத்திருங்க. 12 மணிக் கணக்குல 'பி'ங்கற குட்டி எழுத்தைப் பாக்காம வெச்சுட்டு, வெள்ளெனே 5-க்கு அடிக்கலைன்னு வாட்சைத் திட்டறவங்கதான் ஜாஸ்தி. அது சாயங்காலம் 5-க்கு ஒழுங்கா அடிச்சிருக்கும்.

அலாரம் அடையாளம் வேற, மணிக்கொருக்கா அடிக்கறதோட அடையாளம் வேற. ரெண்டாவதை ஆன் பண்ணிட்டு அலாரம் வெச்சதா நெனச்சுக்குவாங்க. சில மாடல்ல அலாரத்துக்கு மாசம், தேதியும் வைக்கலாம். அதுல நம்பர் ஏறிடுச்சுன்னா அந்தத் தேதியில மட்டும் அடிக்கும். தெனமும் வேணும்னா ரெண்டு இடத்துலயும் கோடு நிக்கோணும்.

பட்டன் சத்தத்தை நிறுத்தினா அலாரம் நிக்காது, பயப்பட வேண்டாம். ஏஇ-1200-ல அலாரம் 10 செகண்ட்தான் அடிக்கும். ஸ்னூஸ் போட்டது மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கொருக்கா ஏழு தடவை. கரண்ட் வர்ற நேரத்துக்கு ஸ்னூஸ் அலாரத்தை வைங்க, வால்வை டைமருக்கு விடுங்க.

பீப் வந்ததும் அடுத்த வால்வைத் திறந்துட்டுத்தான் முந்தினதை அடைக்கோணும், தெரியுமுங்களே. கடைசி வால்வுக்கு மட்டும் டைமரை 42-ல வைங்க, மோட்டார் ரூமுக்கு நடக்கற நேரம் அதுக்குள்ள அடங்கிரும்.