கெண்டைக்கால் டேப்பும் கை வைக்காத நாற்காலியும்

முதியோர் மருத்துவ முகாமில், வயதால் வரும் தசையிழப்பைத் தேட ஒரு டேப், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தொப்பையோடு வருபவரின் தொடை வற்றிப்போயிருக்கும்.

கெண்டைக்காலை அளக்கும்போது உட்கார வைத்து, பாதம் தரையில் படிய, முழங்கால் செங்கோணத்தில் இருக்கணும். வேட்டி, சேலையை ஒதுக்கி வெறும் தோலில் அளங்க. டேப்பை மேலும் கீழும் நகர்த்தி, கிடைக்கிற அதிகபட்ச எண்ணை எழுதுங்க. தோலை இறுக்கக் கூடாது. தசையிழப்புக்கான ஆசியப் பணிக்குழுவின் 2019 வரையறைப்படி ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்பணும். பழைய துணி டேப் நீண்டுபோயிருக்கும், அளவைக் குறைத்துக் காட்டும்.

—

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்குங்க: வீக்கம். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பள்ளம் விழுந்தால் அந்த அளவை நம்பாதீங்க. யானைக்கால், இதய, சிறுநீரகக் கோளாறு மட்டுமில்லை, பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையும் காலை வீங்க வைக்கும். அப்படிப்பட்டவரை நேரே கைப்பிடிச் சோதனைக்கு (கருவியைக் கையால் இறுக்கிப் பிடிக்கும் பலத்தை அளப்பது) அனுப்புங்க. ஆணுக்கு 28, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் பலக்குறைவு.

—

அதிகம் கெடுவது நாற்காலிச் சோதனைதான். பந்தல்காரர் கொண்டுவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் கை இருக்கும், தாத்தா அதை ஊன்றி எழுந்துவிடுவார். தரையிலும் வழுக்கும். கை இல்லாத, சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்க. கைகளை மார்பில் கட்டி, 5 முறை எழுந்து உட்காரணும். ஐந்தாவது தடவை நிமிர்ந்து நின்றதும் கடிகாரத்தை நிறுத்துங்க. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் சந்தேகம். "மெதுவா எழுந்திரிங்க பாட்டி" என்று அன்பாகச் சொல்வதே முடிவைக் கெடுத்துவிடும். "எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா"ன்னு சொல்லணும். முட்டிவலியால் தாமதமானால் அதைத் தனியாகக் குறிங்க, அது வேறு கதை.

—

"வயசானா தளர்ச்சி சகஜம்தானே?" என்று எல்லாருமே கேட்பாங்க. நாற்காலியில் 10 முறை எழுந்து உட்காருவது, வாரம் 3 நாள் என்று அங்கேயே செய்துகாட்டிவிடுங்க. துண்டுச் சீட்டு வீட்டுக்குப் போய்ச் சேராது. சாப்பாட்டில் முட்டை, சுண்டல், பருப்பு, மோர். பொதுவாக ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். சர்க்கரை நோயாளிக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்க்காமல் புரதத்தைக் கூட்டச் சொல்லாதீங்க.