1890-களில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்குச் சட்டமன்ற உறுப்பினர் யார்?

கேள்வி: பென்னாகரம்_ரோடு

உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சிக்கு ஒரு பலகை தயாராகிறது. தலைப்பு: "வெள்ளைக்காரன் காலத்தில் நம் பிரதிநிதிகள், 1861 – 1909". பெயர், தொகுதி, கட்சி, ஆண்டு என்று நாலு கட்டம் போட்டாச்சு. இதுவரை சேலம் சி. விஜயராகவாச்சாரியார், 1895 என்கிற ஒரு பெயர்தான் கிடைத்திருக்கிறது. ஒரு இடத்தில் அவரை "நியமன உறுப்பினர்" என்கிறார்கள், இன்னொரு இடத்தில் "தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்கிறார்கள். எது சரி? தருமபுரி எம்.எல்.ஏ. என்று போட்டால் தப்பாகுமா? 1861-லிருந்து 1895 வரை நம் பக்கம் யார் இருந்தார்கள்? மூலத்தை எங்கே பார்ப்பது?

---

பதில்: பாராமகால்

முதலில் "தொகுதி" கட்டத்தை அழித்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு நிரப்பப் பார்த்தால் எல்லாமே தப்பாகத்தான் வரும்.

1861-ம் வருடத்து இந்தியக் கவுன்சில் சட்டத்தில் தேர்தல் என்ற பேச்சே கிடையாது. கவர்னர், அவருடைய நிர்வாகக் கவுன்சில் உறுப்பினர்கள், அட்வகேட் ஜெனரல், இவர்களோடு கவர்னர் கூப்பிட்டு உட்கார வைக்கும் 4 முதல் 8 "கூடுதல் உறுப்பினர்கள்". இந்தக் கூடுதல் ஆட்களில் பாதிக்குக் குறையாமல் அரசு உத்தியோகத்தில் இல்லாதவர்களாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்கவில்லை. சென்னையில் முதலில் உட்கார்ந்த இந்தியர் வி. சதாகோபாச்சார்லு. அவர் இறந்ததும் 1863-ல் கஜுல லட்சுமிநரசு செட்டி வந்தார். ஒருவர் வக்கீல், மற்றவர் வியாபாரி, இருவருமே பட்டணத்துப் பிரமுகர்கள். அதனால் 1861 – 1892 பகுதிக்கு "நம் பக்கம் யார்" என்று தேடவேண்டாம். நம் பக்கத்துக்கு என்று ஒரு நாற்காலி போடவே இல்லை.

1892 சட்டத்தில்தான் கொஞ்சம் கதவு திறந்தது. கூடுதல் உறுப்பினர்கள் 20 வரை, அதில் அதிகாரிகள் 9 பேருக்கு மேல் போகக்கூடாது. சென்னை மாநகராட்சி, சென்னைப் பல்கலைக்கழகம், வர்த்தக சபை, முனிசிபாலிட்டிகளின் குழுக்கள், ஜில்லா போர்டுகளின் குழுக்கள் ஆகியவை ஆளுக்கு ஒரு பெயரைத் தேர்ந்து "பரிந்துரை" செய்யலாம், கவர்னர் அதை ஏற்று "நியமிப்பார்". சட்டத்தில் "தேர்தல்" என்ற சொல்லை வேண்டுமென்றே போடவில்லை. நீங்கள் பார்த்த இரண்டு சொல்லும் இதனால் வந்தவைதான். ஓட்டுப் போட்டது நடந்தது, அதனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கெஜட்டில் வந்தது நியமனம், அதனால் நியமன உறுப்பினர். பலகையில் "ஜில்லா போர்டுகளின் பரிந்துரையில் நியமனம்" என்று போட்டால் இரண்டும் அடங்கிவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். அன்றைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை எல்லாம் சேலம் ஜில்லாவின் தாலுக்காக்கள். தருமபுரி மாவட்டம் 2-10-1965-ல்தான் பிறந்தது, கிருஷ்ணகிரி அதிலிருந்து 9-2-2004-ல் பிரிந்தது. முக்கியமான விஷயம், இந்த ஊர்கள் எதுவும் அப்போது முனிசிபாலிட்டி இல்லை. சேலம் இருந்தது, அன்று நம் ஜில்லாவிலேயே இருந்த திருப்பத்தூரும் வாணியம்பாடியும் இருந்தன. ஆக முனிசிபல் குழு வழியாக நமக்கு ஒரு ஓட்டும் இல்லை. மிச்சம் ஜில்லா போர்டு ஒன்றுதான். 1884-ம் வருடத்து ஸ்தல போர்டு சட்டப்படி கீழே யூனியன், நடுவில் தாலுக்கா போர்டு, மேலே ஜில்லா போர்டு. ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர். இப்படிப் பல ஜில்லாக்களின் போர்டுகள் ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்லும். பாப்பாரப்பட்டியில் நிலவரியோடு செஸ் என்ற கூடுதல் வரியும் கட்டிய விவசாயிக்கும் சென்னைக் கோட்டையில் சபையில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் எத்தனை படி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

விஜயராகவாச்சாரியார் அந்த வழியாக 1895-ல் போனவர். பதவிக்காலம் இரண்டு வருடம். அவர் 1901 வரை ஆறு வருடம் இருந்தார். "1895 உறுப்பினர்" என்று ஒற்றை வருடம் போடாமல் 1895 – 1901 என்று போடுங்கள்.

---

பதில்: தொப்பூர்_கணவாய்

மேலே சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் பலகையில் வெறும் பெயர் மட்டும் போட்டால் பார்க்கிறவர் "சரி, யாரோ ஐயங்கார்" என்று நகர்ந்துவிடுவார். அந்தச் சபை நம் பக்கத்தை எப்படித் தொட்டது என்பதற்கு ஒரு வரி வேண்டும். என்னைக் கேட்டால் காட்டுச் சட்டம்.

சென்னை வனச் சட்டம், 1882-ம் வருடத்து 5-வது சட்டம். பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் வாயில் புழங்கும் "ரிசர்வ் பாரஸ்ட்" இந்தச் சட்டத்தின் வேலை. 4-வது பிரிவில் இந்த இடத்தைக் காப்புக் காடாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு, 6-வது பிரிவில் உரிமை இருக்கிறவர்கள் வந்து சொல்லுங்கள் என்று உள்ளூர் மொழியில் பிரகடனம், விசாரணை முடிந்தபின் 16-வது பிரிவில் காப்புக் காடு என்று இறுதி அறிவிப்பு. இது நிறைவேறியபோது சபையில் இருந்த ஒருவர்கூட எந்த ஜில்லாவின் ஓட்டிலும் வந்தவர் இல்லை. சட்டம் இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்தல போர்டு சட்டமும் 5-வது சட்டம்தான், ஆனால் 1884-ம் வருடத்தது. ஜில்லா முனிசிபாலிட்டிச் சட்டம் அதே 1884-ல் 4-வது. பழைய தாளில் ரோமன் எண்ணில் "5" என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டால் காடும் போர்டும் குழம்பிப்போகும். எண்ணோடு வருடத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

உறுப்பினரால் என்ன செய்ய முடிந்தது என்பதும் பலகைக்கு வேண்டும். 1892-க்கு முன் மசோதா மட்டும்தான். கேள்வி கேட்கவும் முடியாது, வரவு செலவைப் பேசவும் முடியாது. 1892-க்குப் பின் எழுத்தில் முன்கூட்டியே கொடுத்துக் கேள்வி கேட்கலாம். துணைக்கேள்வி கிடையாது. தலைமையில் உட்கார்ந்த கவர்னர் வேண்டாம் என்றால் அந்தக் கேள்வி அதோடு சரி. நிதி அறிக்கையைப் பற்றிப் பேசலாம், ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாம் தாண்டி மசோதா நிறைவேறினாலும் கவர்னர் ஒப்ப வேண்டும், பிறகு கவர்னர் ஜெனரல் ஒப்ப வேண்டும்.

  

---

பதில்: குறிப்படைவு

தேடும் முறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் இடம். கேட்கவேண்டியது இரண்டு: புனித ஜார்ஜ் கோட்டை கெஜட், சபை நடவடிக்கைத் தொகுதிகள். "லெஜிஸ்லேடிவ் அசெம்ப்ளி" என்று தேடாதீர்கள், அந்தப் பெயரில் சென்னையில் சபை வந்தது 1937-ல். நமக்கு வேண்டிய தொகுதிகள் "சட்டங்களும் விதிகளும் இயற்றுவதற்காகக் கூடிய கவர்னர் கவுன்சில்" என்ற நீளப் பெயரில் இருக்கும். "எம்.எல்.சி." என்று கேட்டாலும் 1920-க்குப் பிந்தைய கட்டுகளைத்தான் முதலில் காட்டுவார்கள்.

முதலில் கெஜட்டில் நியமன அறிவிப்பு. 1892 சட்டத்தின் கீழ் 1893 முதல் 1909 வரை மொத்தம் எட்டுத் தேர்தல், எனவே எல்லா வருடத்தையும் புரட்டவேண்டாம். தேதி கிடைத்ததும் நடவடிக்கைத் தொகுதிக்குப் போய் வருகைப் பட்டியலைப் பாருங்கள். அறிவிப்பில் பெயர் இருந்து வருகையில் இல்லாவிட்டால் அவர் வரவில்லை என்று மட்டும் எழுதலாம், விலகினார் என்று நாமே முடிவுகட்டக்கூடாது.

பெயர் தேடுவதில்தான் பாதி நேரம் போகும். ஆங்கில அடைவில் விஜயராகவாச்சாரியார் "விஜியராகவ சாரியார்" என்று இருப்பார். சில அடைவுகளில் "வி"-யில் இருக்காது, "சாரியார்" என்று "சி"-யில் இருக்கும். நாயுடு, முதலியார், பிள்ளை எல்லாருக்கும் இதே கதை. பெயரின் கடைசிப் பகுதியிலும் ஒருமுறை பாருங்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான், பழைய தாளில் கிருஷ்ணகிரி "கிஸ்ட்னகெரி" ஆகியிருக்கும்.

வருவாய்க் கோப்பில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு ஆண்டு) போட்டிருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1305 என்றால் 1895 ஜூலை முதல் 1896 ஜூன் வரை. ஜூலைக்கு முன்னா பின்னா என்று பார்க்காமல் கூட்டினால் ஒரு வருடம் இடறும்.

பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். நகல் தரமுடியுமா என்பதைக் கட்டு கையில் வந்தபிறகு கேட்காமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தாள் பொடியும் நிலையில் இருந்தால் தரமாட்டார்கள்.

---

பென்னாகரம்_ரோடு

மூவருக்கும் நன்றிங்க. இப்படி மாற்றியிருக்கிறேன், சரியா பாருங்க:

"சி. விஜயராகவாச்சாரியார் (1852 – 1944). சேலம் வக்கீல். 1882 சேலம் கலவர வழக்கில் 10 ஆண்டு தண்டனை பெற்று அந்தமானில் இருந்தார். சேலம் ஜில்லாவின் பிரதிநிதியாக 1895 – 1901. காங்கிரஸ். இவருக்குப் பின் ஓசூர் தொரப்பள்ளி ராஜாஜி."

---

பதில்: பாராமகால்

நாலு திருத்தம்.

தண்டனை 10 ஆண்டு, சரி. ஆனால் அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து விடுதலையானவர். அந்தமானுக்குப் போனவர்கள் அதே வழக்கில் சிக்கிய வேறு ஆட்கள், அவர்கள் விடுதலைக்காகவும் இவரே பாடுபட்டார். "அந்தமானில் இருந்தார்" கட்டாயம் போகவேண்டும்.

"சேலம் ஜில்லாவின் பிரதிநிதி" என்பதை "ஜில்லா போர்டுகள் குழுவின் பரிந்துரையில்" என்று மாற்றுங்கள். குழுவில் சேலம் ஒன்றுதான், முழுவதும் அல்ல.

காங்கிரஸ்காரர்தான், 1920 நாக்பூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ஆனால் சபையில் கட்சி வரிசை கிடையாது. அதைக் குறிப்பில் போடுங்கள், "கட்சி" கட்டம் வேண்டாம்.

ராஜாஜி வரியை எடுத்துவிடுங்கள். இருவருக்கும் முன்னெழுத்து சி., இருவரும் சேலம் வக்கீல் என்பதால் பலர் செய்யும் தவறு இது. 1895-ல் அவருக்கு வயது 16. அவர் சேலம் நகராட்சித் தலைவரானதே 1917-ல். உங்கள் பலகை 1909-ல் முடிகிறது.