கேமரா முன்னால் உட்கார்ந்தால் வாய் அடைத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

முடிச்சுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன், வயது 43. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதுதான் என் தொழில். ஒன்பது வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழகியது. துணியை விரல் நுனியால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால், நூல் இறுக்கிய இடமெல்லாம் புள்ளி பூத்திருக்கும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். ஆனாலும் புள்ளி அச்சடித்த சேலையைத்தான் நிறைய இடங்களில் சுங்குடி என்று விற்கிறார்கள். அந்த விலைக்கு என்னால் கொடுக்க முடியாது. கைமுடிச்சு எப்படி இருக்கும் என்று காட்டினால்தானே வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும்? மகள் இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஒரு வீடியோ போடவில்லை. போன வாரம் எல்லோரும் தூங்கிய பிறகு பதினான்கு முறை எடுத்து, பதினான்கையும் அழித்தேன். "வணக்கம், நான்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. என் குரலை எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள் நாங்கள், தமிழில் அந்த இழுவை தெரியும்.

உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் நெய்போல் மின்னும் ஒரு மஞ்சள் சேலையைக் கட்டிப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் வைத்து, சொந்தக்காரர் ஒருவர் "சேலையை விற்கிறாயா, உன்னை விற்கிறாயா" என்று கேட்டார். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து போனைத் திருப்பிப் பிடித்தாலே அந்தக் குரல்தான் கேட்கிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தையல்மெஷின் அண்ணாச்சி (பாளையங்கோட்டை):

தங்கச்சி, குரல் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. அதனால் நமக்குள் கொஞ்சம் கனமாகக் கேட்கும். போனில் காற்று வழியாக வந்தது மட்டும்தான் பதிவாகும், அதனால் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் காலமெல்லாம் அந்த மெலிந்த குரலைத்தான் கேட்டு உங்களோடு பழகியிருக்கிறார்கள். எனக்கும் மெஷின் ரிப்பேர் வீடியோ போட ஆரம்பித்தபோது இப்படித்தான் இருந்தது. இருபது வீடியோவுக்குள் பழகிவிட்டது.

வகுப்பறை எழுதியது:

உளவியல் பாடம் நடத்துகிறேன். 2000ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். நிஜமாகக் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம்மைப் பிறர் பார்ப்பதை நாம் கூட்டியே கணக்குப் போடுகிறோம்.

பனையோலை எழுதியது:

சார் சொல்வது சரிதான், ஆனால் அக்காவுக்கு அது போதாது. பந்தியில் கேட்டவர் நிஜமாகவே கவனித்திருக்கிறார், வாய்விட்டும் கேட்டிருக்கிறார். அக்காவின் பயம் கற்பனையில் வந்ததில்லை.

அக்கா, நான் ராமநாதபுரம் பக்கம், பனையோலைப் பெட்டி முடைகிறேன். நாலு வருடமாக வீடியோ போடுகிறேன். நமக்கு முன்பின் தெரியாத ஆள் பார்ப்பதில் பயமே இல்லை. சித்தி, நாத்தனார், தெருமுனைக் கடைக்காரர், இவர்கள் பார்ப்பார்களே என்பதுதான் பயம். "தைரியமாகப் போடு, யார் என்ன சொன்னால் என்ன" என்று எனக்கும் நிறைய பேர் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வயிறு கலங்கியதுதான் மிச்சம். அப்புறம் வேறு வழியில் போனேன்: தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடத்தில் பழகினேன்.

இன்ஸ்டாகிராமில் போன் நம்பர் பட்டியலை எடுத்துக்கொள்ளும் அனுமதியை அணைத்துவிடுங்கள். உங்கள் கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கும் வசதியையும் அணையுங்கள். அந்தச் சொந்தக்காரர் கணக்கு வைத்திருந்தால் முதல் வேலையாக பிளாக் செய்யுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யார் யார் பார்க்கக்கூடாது என்று தேர்ந்தெடுக்கலாம். ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரையும் அங்கே டிக் அடித்துவிட்டு வாடிக்கையாளர்களை மட்டும் விட்டுவையுங்கள். கமென்ட்டில் வரும் கெட்ட வார்த்தைகளைத் தானாக மறைக்கவும் வழி இருக்கிறது, வேண்டாத சொற்களை நாமே எழுதி வைக்கலாம். இதற்கு உங்கள் மகளோடு உட்கார்ந்தால் அரைமணி நேரம்.

அடுத்தது, முகத்தை இப்போது மறந்துவிடுங்கள். முதல் நாற்பது வீடியோவில் என் கை மட்டும்தான் இருந்தது. ஓலையை ஊசியால் கிழிக்கும் சத்தம், வளையல் சத்தம், வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்துத்தான் ஆர்டரே வந்தது. பிறகு ஒருநாள் கை வீடியோவுக்குப் பின்னால் நானே பேசினேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை, வேலை செய்துகொண்டே பக்கத்தில் இருக்கும் மகனுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். முகம் வந்தது எட்டு மாதம் கழித்து. அதுவும் ஒரு வாடிக்கையாளர் "யார் முடைகிறீர்கள், பார்க்கலாமா" என்று கேட்டதால். கேட்ட பிறகு காட்டுவது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா!

நீங்கள் முடிச்சைப் பிரிக்கும் அந்த நிமிடத்தைப் போடுங்கள் அக்கா. அதைப் பார்க்காதவர்கள்தான் உலகத்தில் அதிகம். சௌராஷ்டிரா இழுவையை மாற்றாதீர்கள். அந்தக் கையும் அந்தப் பேச்சும் சேர்ந்ததுதானே மதுரைச் சுங்குடி?

முடிச்சுக்காரி எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். பனையோலைத் தங்கச்சி, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். மகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் அணைத்தோம். கல்யாணத்தில் பேசியவரை பிளாக் செய்யும்போது கை நடுங்கியது, செய்துவிட்டேன்.

அப்புறம் அரக்குச் சாயம் போட்ட சேலை ஒன்று காய்ந்து கிடந்தது. மகள் போனைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். முடிச்சுகள் படபடவென்று தெறித்து, நூல் துணுக்கெல்லாம் மடியில் விழுந்தது. நாற்பது நொடிதான், முகம் இல்லை. போட்டுவிட்டுப் போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன். இரவு பார்த்தால் 212 பேர் பார்த்திருந்தார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா தன் சேலையைப் படம் எடுத்து அனுப்பி, இது கைமுடிச்சா என்று கேட்டிருந்தார். தட்டச்சு செய்ய வரவில்லை, வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். புள்ளி எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் இருந்தால் அச்சடித்தது, கைமுடிச்சில் ஒன்றுக்கொன்று சின்ன மாறுபாடு இருக்கும், துணியும் புள்ளிக்குப் புள்ளி லேசாகச் சுருங்கி எழும்பியிருக்கும், தடவிப் பாருங்கள் என்றேன். பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன், மூன்று நிமிடம் விடாமல் பேசியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு அதே குரலை அடுத்த வீடியோவில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். கரும்பச்சைச் சேலை போனில் கறுப்பாகத் தெரிகிறது. எப்போது எடுத்தால் நிறம் சரியாக வரும்?

பனையோலை எழுதியது:

டியூப்லைட்டை அணைத்துவிட்டு, காலை எட்டு ஒன்பது மணிக்கு நேர்வெயில் படாத வாசல் திண்ணையில் எடுங்கள் அக்கா. திரையில் சேலையை ஒருமுறை தொட்டுவிட்டு, அங்கே வரும் வெளிச்சக் குறியைக் கொஞ்சம் மேலே நகர்த்துங்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.