லாஜிக்கல் வால்யூமுக்கு ‘வகுகொள்ளிடம்’: ஒரு பரிந்துரை

வணக்கம்.

லினக்ஸ் நிறுவியின் (இன்ஸ்டாலர்) மொழிபெயர்ப்பில் ‘லாஜிக்கல் வால்யூம்’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘ஏரணத் தொகுதி’ என்ற பரிந்துரையில் எனக்கு இரண்டு தயக்கங்கள். ஏரணம் என்றால் தருக்கம். இங்கே லாஜிக்கல் என்பதற்கும் தருக்கத்துக்கும் தொடர்பில்லை. வட்டில் நேரடியாக வெட்டாமல், மென்பொருள் பிரித்துக் கொடுக்கும் இடம் என்றுதான் பொருள். அடுத்து, தொகுதியை வால்யூமுக்குக் கொடுத்துவிட்டால் வால்யூம் குரூப்பை என்னவென்று சொல்வது? தொகுதிக் குழுவா? படிப்பவருக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

வட்டு இடத்தை இப்படிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளான எல்விஎம்மில் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) மூன்று அடுக்குகள். தானியங்கி நிறுவலுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் கிக்ஸ்டார்ட் கோப்பில் அவை வரிசையாகவே வரும்: ‘பார்ட்’ வரி வட்டில் ஒரு பகுதியைப் பிசிக்கல் வால்யூமாக ஒதுக்குகிறது, ‘வால்குரூப்’ அவற்றை ஒரு வால்யூம் குரூப்பாகச் சேர்க்கிறது, ‘லாக்வால்’ அந்தச் சேமிப்பிலிருந்து ரூட், ஹோம், ஸ்வாப் என்று லாஜிக்கல் வால்யூம்களைப் பிரித்துக் கொடுக்கிறது. மூன்று சொற்களும் ஒரே வேரில் இருக்க வேண்டும், ஆனால் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடக் கூடாது. என் பரிந்துரை: மூலக் கொள்ளிடம், கொள்ளிடத் தொகுப்பு, வகுகொள்ளிடம். (ஆற்றின் பெயராயிற்றே என்பீர்கள். இருக்கட்டும், இரண்டும் நிரம்பி வழியக்கூடியவைதான்.)

‘வகுகொள்ளிடம்’ வினைத்தொகை, அதனால் நடுவில் ‘க்’ போட வேண்டாம். வகுத்த, வகுக்கிற, வகுக்கும் என முக்காலத்துக்கும் பொருந்துகிறது. நிறுவிய பிறகும் அளவை நீட்டிக்கொள்ளலாம் என்பதுதானே எல்விஎம்மின் பயனே! ‘வகுத்த கொள்ளிடம்’ என்றால் வேலை முடிந்துபோன தொனி வந்துவிடும்.

தானியங்கி நிறுவலில் திரையை யார் பார்க்கிறார்கள், இதற்கு இவ்வளவு விவாதமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கோப்பில் உள்ள கட்டளைகளை நாம் மொழிபெயர்க்கப் போவதில்லை, சரி. ஆனால் ஏதாவது பதில் விடுபட்டால் நிறுவி நின்று கேள்வி கேட்கும். டெபியன் லினக்ஸில் இதேபோன்ற பதில் கோப்பான பிரீசீட்டில், வட்டில் ஏற்கெனவே எல்விஎம் இருந்தால் அதை நீக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மாற்றங்களை எழுதலாமா என்பதற்கு வேறொரு ஒப்புதல் தனியாக வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போய், அவசரத்தில் ஓடிவந்து திரையைப் பார்ப்பவர் எதை அழிக்கிறோம் என்று தெரிந்துதான் ‘ஆம்’ சொல்ல வேண்டும். தொகுப்பும் (குரூப்) தொகுதியும் (வால்யூம்) அங்கே குழம்பினால் தரவு போயிற்று.

அதே நிறுவி, தொகுப்பில் எவ்வளவு இடத்தைப் பயன்படுத்தலாம் என்றும் கேட்கும். பலரும் கண்ணை மூடிக்கொண்டு ‘அதிகபட்சம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் வழக்கமான ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) எடுக்கத் தொகுப்பில் இடம் இருக்காது. கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் என்றால் நடைமுறையில் சுருக்கவும் முடியாது. எனவே அந்தக் கேள்வியை ‘கொள்ளிடத் தொகுப்பில் எவ்வளவு இடத்தை இப்போது வகுக்கலாம்?’ என்று மொழிபெயர்க்கலாம். ‘இப்போது’ என்ற சொல் மூலத்தில் இல்லை. இருந்தாலும் சேர்க்கச் சொல்வேன்.

ஸ்னாப்ஷாட்டுக்கு ‘நொடிப்படம்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.