கிளிநொச்சியில் அரைக்கிற தூளுக்கு 'யாழ்ப்பாணத் தூள்' என்று பெயர் போடலாமா?

பரந்தன் பிள்ளை:
நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து பரந்தனில் கறித்தூள் செய்து விற்கிறோம். மூன்று வருடமாகிறது. இதுவரை வெறும் பொலித்தீன் பையில் போட்டு, கையால் எழுதிய துண்டு ஒன்றை உள்ளே வைத்துத்தான் கொடுத்தோம். இப்போது ஒழுங்காக ஸ்டிக்கர் அடிக்கப் போகிறோம். அச்சகத்துத் தம்பி, "யாழ்ப்பாணத் தூள் என்று போடுங்கோ அக்கா, அதுதான் ஓடும்" என்று சொல்லி மாதிரியும் கீறித் தந்துவிட்டார். ஒரு பனைமரம், பக்கத்தில் ஒரு கோபுரம். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வறுப்பது பரந்தனில், அரைப்பது கிளிநொச்சி மில்லில். யாழ்ப்பாணம் எங்கே வந்தது? ஆனால் எங்கள் பகுதியின் பெயரான வன்னி என்று போட்டால் யார் வாங்குவார்கள் என்று எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் கேட்கிறார்கள். உங்கள் யோசனை என்ன?

மாங்குளம் கடைக்காரர்:
தங்கச்சி, யாழ்ப்பாணம் என்றே போடுங்கோ. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி ஓரத்தில் கடை வைத்திருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன். கொழும்புக்குத் திரும்புகிற வான் நிற்கும், இறங்கி வருகிறவர்கள் கேட்பது "யாழ்ப்பாணத் தூள் இருக்கா?" என்றுதான். வேறு பெயரில் நல்ல தூள் இருந்தாலும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

அது ஊரின் பெயர் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அது செய்முறையின் பெயர். வறுத்து அரைத்த தூள் என்று அர்த்தம், அவ்வளவுதான். என் கடையில் மைசூர் பருப்பு விற்கிறேன். அந்தப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. பம்பாய் வெங்காயம் விற்கிறேன். பம்பாய்க்கு இன்றைக்கு அந்தப் பெயரே இல்லை. யாராவது வந்து "ஏன் பொய்ப் பெயர்?" என்று கேட்டார்களா? சனத்துக்குப் பழகின பெயர்தான் விற்கும்.

நந்திக்கடல் காற்று:
கடைக்கார அண்ணா சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பம்பாய் வெங்காயம் என்று சொல்வதால் யாருக்கும் நட்டம் இல்லை. இங்கே நட்டம் எங்களுக்கு.

அறுவடை நேரம் கிளிநொச்சிப் பக்கம் வந்து பாருங்கள். வெட்டின நெல் காயக்கூட நேரமில்லை, கடன் தலைக்கு மேல் நிற்கும். தெற்கிலிருந்து லொறி வந்து ஈர நெல்லை வயல் கரையிலேயே ஏற்றிக்கொண்டு போகிறது. பிறகு அது அரிசியாகி, வேறொரு மில்லின் பெயர் போட்ட பையில் திரும்பி எங்கள் கடைகளுக்கே வருகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்தது என்று அந்தப் பையில் ஒரு எழுத்தும் இருக்காது. முல்லைத்தீவுக் கருவாடும் அப்படித்தான். சாக்கில் கட்டிக் கொழும்புக்குப் போனதும் அதன் ஊர் போய்விடும்.

1972இல் நாட்டின் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீலங்காவாக மாறியது. தேயிலை மாறவில்லை. இன்றைக்கும் சிலோன் டீதான், அதற்குச் சிங்க இலச்சினை வேறு. இங்கேயே பொதி செய்த, கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்குத்தான் அந்த இலச்சினை கிடைக்கும். சிலோன் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது, அதாவது அந்த இடத்துப் பொருளுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்கிற காப்பு. ஊர்ப் பெயரை இப்படிக் கட்டிக் காப்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் எங்கள் பெயரை நாங்களே அழித்துவிட்டுப் பக்கத்து ஊரின் பெயரை ஒட்டுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. வன்னி என்று சொன்னால் வெளியில் இருப்பவர்களுக்கு 2009இல் முடிந்த போர்தான் ஞாபகம் வருகிறது. அது மறக்கிற விஷயம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை அந்தச் சொல்லைச் சமையலறை அலுமாரியில், அம்மாவின் தூள் போத்தலில் வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஸ்காபரோ மாமி:
நான் முள்ளியவளைப் பிள்ளை, இங்கே கனடாவுக்கு வந்து கனகாலம். இங்கத்தைத் தமிழ்க் கடைகளில் யாழ்ப்பாணம் என்று பெயர் போட்ட தூள் வரிசையாக இருக்கும். அதில் எது எங்கே அரைத்தது என்று திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், சிலதில் பார்த்தாலும் தெரியாது. ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வந்து தருகிற தூளில் ஒரு பெயரும் இருக்காது. "தங்கச்சி வறுத்தது" என்பார்கள், அதற்குத்தான் அடிபாடு.

தொண்ணூறுகளில் போர் நேரத்துப் பொருளாதாரத் தடை இருந்த காலம் உங்களில் கனபேருக்குத் தெரியாது. சவர்க்காரம் இல்லை, பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் திரி வைத்து விளக்குக் கொளுத்தினோம். பற்றறி வர விடாதபடியால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டோம். அந்த நேரம் எந்தக் கம்பனி என்று யார் கேட்டது? ஆர் கொண்டு வந்தது, நம்பலாமா என்றுதான் கேட்போம். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது வந்து குவிந்த பெட்டிகளையும் போத்தல்களையும் பார்க்கவே கடைக்குப் போனவர்கள் இருந்தார்கள். எனக்கு எந்த ஊரின் பெயர் என்பதைவிட, செய்த பிள்ளைகள் ஆர் என்று பொதியில் தெரிந்தால் போதும்.

வவுனியா கணக்கு:
நான் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன், அந்தப் பக்கத்தால் பார்க்கிறேன். நந்திக்கடல், உங்கள் உணர்வு விளங்குகிறது. ஆனால் ஒரு கேள்வி. தூளில் இருக்கிற செத்தல் மிளகாய் எந்த ஊர்? இந்த நாட்டில் விற்கிற செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயமும் கப்பலில் வருபவைதான். அப்படிப் பார்த்தால் 'வன்னித் தூள்' என்பதும் முழு உண்மை இல்லை.

பெயருக்குச் சண்டை பிடிக்கும்முன் பொதியில் இருக்க வேண்டியதைப் போடுங்கள்: சேர்மானங்கள், நிகர எடை, தொகுதி இலக்கம், செய்த திகதி, முடிவுத் திகதி, உயர்ந்தபட்ச சில்லறை விலை, முகவரி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பனைமரத்தைப் பார்க்கமாட்டார், திகதியைத்தான் பார்ப்பார். பார்கோட் 479 என்று தொடங்கினால் இலங்கையில் விளைந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது அந்த இலக்கத்தை வழங்கிய நாட்டு அமைப்பைத்தான் காட்டும், பொருள் பிறந்த இடத்தை அல்ல.

பொதியில் இருக்கிற சின்ன விஷயத்துக்குக்கூடப் பலன் உண்டு. 2016இல் குளிர்பானப் போத்தலில் சீனிக்கு நிறக்குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. பிள்ளைக்கு வாங்கும்போது அந்த வட்டத்தைத் தேடுகிற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

பரந்தன் பிள்ளை:
செத்தல் பற்றிக் கேட்டது நியாயம். ஒளிக்க ஒன்றுமில்லை, எங்கள் செத்தலும் கூடுதலாக இந்தியச் செத்தல்தான். சிறுபோகத்தில் எங்களில் ஒருவரின் தோட்டத்து மிளகாயைக் காயவைத்துச் சேர்ப்போம், அது கொஞ்ச நாளைக்குத்தான் காணும். கறிவேப்பிலை மட்டும் முழுக்க எங்கள் முற்றம்.

ஆனால் தூள் என்பது மிளகாய் மட்டும் இல்லையே. மல்லியை இளஞ்சூட்டில் வறுப்போம், இரண்டு விரலால் நசுக்கினால் 'டிக்' என்று உடைய வேண்டும். அதற்கு முந்தி இறக்கினால் பச்சை மணம், பிந்தினால் கைப்பு. கறிவேப்பிலை கையில் நொறுங்குமட்டும் வறுபட வேண்டும். செத்தலைக் கடைசியில்தான் போடுவோம், ஏனென்றால் புகைந்தால் ஐந்து பேரும் முற்றத்துக்கு ஓட வேண்டும். அரைத்து வந்ததைப் பாயில் பரப்பி நன்றாக ஆறவிடுவோம். சூட்டோடு பையில் போட்டால் வியர்த்துக் கட்டி பிடித்துவிடும். முதல் வருடம் அப்படிப் பதினைந்து கிலோ பழுதாகிப் போனது.

பெயர் வேண்டும் என்று நான் நிற்பதற்குக் காரணம் வேறு. போன வருடம் ஒரு வியாபாரி எங்களிடம் நாற்பது கிலோ எடுத்தார். நல்ல மனிதர், காசு உடனே தந்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த தூளைப் பிரித்தபோது மணத்திலேயே தெரிந்தது, எங்கள் தூள். பைக்கற்றில் அவருடைய பெயர், யாழ்ப்பாண முகவரி, விலை நாங்கள் கொடுத்ததைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மாங்குளம் கடைக்காரர்:
தங்கச்சி, அந்தக் கதை கேட்க எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வியாபாரம் வேறு.

பிராண்ட் என்பதை நீங்கள் எல்லோரும் பெரிதாக நினைக்கிறீர்கள். என் கடையில் "அங்கர் ஒன்று தாங்கோ" என்று கேட்பார்கள், வேறு பால்மாவைக் கொடுத்தாலும் கொண்டு போவார்கள். எந்தக் கம்பனியின் இரண்டு சில்லு உழவு இயந்திரமாக இருந்தாலும் இங்கே அது லான்ட்மாஸ்ரர்தான். பெயர் நாவில் இருக்கும், பொருள் மாறிவிடும். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபாய் ஆனபோது, பரம்பரையாக ஒரே பெட்டி வாங்கிய வீடுகள் ஒரே கிழமையில் பிளேன்ரீக்கு மாறின. சவர்க்காரம் தேடியவர்கள் எது மலிவோ அதை எடுத்தார்கள். ஷாம்பு போத்தல் அடுக்கில் தூசு பிடித்தது, கயிற்றில் தொங்குகிற சின்னப் பைக்கற்தான் போனது. அதற்குப் பிறகு சனம் பழைய மாதிரி முழுதாகத் திரும்பவே இல்லை. இப்போதும் முதலில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பெயரைப் பார்க்கிறார்கள்.

என் கடைப் பலகையையே பாருங்கள். தொலைபேசிக் கம்பனி இலவசமாகப் போட்டுத் தந்தது. அவர்களின் பெயர் ஒரு முழ உயரம், என் கடைப் பெயர் ஒரு மூலையில். குளிரூட்டியும் குளிர்பானக் கம்பனி தந்தது, அதற்குள் வேறு கம்பனிப் போத்தல் வைக்கக் கூடாது. பெரியவர்கள் இடத்தைக் காசு கொடுத்துப் பிடிக்கிறார்கள். உங்களிடம் அந்தக் காசு இல்லை. சனத்தின் வாயில் ஏற்கெனவே இருக்கிற பெயரை எடுத்தால் விளம்பரச் செலவு மிச்சம்.

வேண்டுமென்றால் இரண்டு ஸ்டிக்கர் அடியுங்கள். வானில் வருகிறவர்களுக்கு யாழ்ப்பாணம், உள்ளூருக்கு வன்னி.

நந்திக்கடல் காற்று:
ஒரே தூளுக்கு இரண்டு பெயரா? வேண்டாம் அக்கா. வான்காரர் ஒருவர் ஒரு நாள் உள்ளூர்ப் பைக்கற்றையும் கண்டால் இரண்டையும் நம்பமாட்டார்.

கணக்கு அண்ணா சொன்ன செத்தல் விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். மண்ணிலிருந்து வருகிற பொருளுக்குத்தான் ஊர்ப் பெயர் முழுதாகப் பொருந்தும். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல். இங்கேயும் அதற்குச் சட்டம் இருக்கிறதுதானே? முல்லைத்தீவுத் தேனுக்கும் கருவாட்டுக்கும் ஏன் கேட்கக் கூடாது?

வவுனியா கணக்கு:
இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். புவிசார் குறியீடுகளுக்குப் பதிவேடு வைக்க 2022இல் அதைத் திருத்தினார்கள். ஆனால் அது ஒரு ஆளுக்கோ ஐந்து பேருக்கோ உரியது இல்லை, அந்த இடத்தில் அதைச் செய்கிற எல்லோருக்கும் பொதுவானது. சங்கமாகச் சேர்ந்து, இன்னதுதான் தரம் என்று எழுதி வைத்துக் கேட்க வேண்டும். தேனுக்கும் அரிசிக்கும் அந்த வழி சரி.

பரந்தன் பிள்ளைக்கு வேண்டியது வியாபாரக் குறி, அதாவது அவர்களுக்கு மட்டும் உரியதாகப் பதிகிற பெயர். அங்கே ஒரு முக்கியமான விஷயம். வெறும் ஊர்ப் பெயரை மட்டும் ஒருவர் தன் குறியாகப் பதிய முடியாது. 'யாழ்ப்பாணத் தூள்' என்று போட்டாலும் 'வன்னித் தூள்' என்று போட்டாலும் நாளைக்கு அந்த நாற்பது கிலோ வியாபாரி அதே பெயரைப் போட்டால் உங்களால் தடுக்க முடியாது. உங்களுக்கென்று ஒரு பெயர் வையுங்கள், ஊர் அதற்குக் கீழே நிற்கட்டும். பதிந்தால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

ஸ்காபரோ மாமி:
இதைத்தான் பிள்ளை நானும் சொன்னேன், செய்த ஆட்களின் பெயர் வேண்டும் என்று.

பரந்தன் பிள்ளை:
நேற்றுப் பின்னேரம் ஐந்து பேரும் இருந்து கதைத்தோம். பெயர் 'அஞ்சு அகப்பை'. வறுக்கும்போது ஆளுக்கொரு அகப்பைதான் வைத்திருக்கிறோம், மற்றவரின் அகப்பையை ஒருவரும் தொடுவதில்லை. அதிலிருந்து வந்தது. பனைமரமும் கோபுரமும் இல்லை, ஐந்து அகப்பை மட்டும். நடுவில் பெரிய எழுத்தில் 'வறுத்து அரைத்த கறித்தூள்', கீழே 'பரந்தன், வன்னி'. செத்தல் இந்தியா என்று சேர்மானத்தில் எழுதுகிறோம். சின்னப் பைக்கற்தான் போகிறது என்று கடைக்கார அண்ணா சொன்னபடியால் 50 கிராம் பைக்கற்றும் போடுகிறோம். வெயில் பட்டால் நிறம் வெளுக்கிறது என்பதால் முன்பக்கத்தில் சின்ன இடைவெளி மட்டும் விட்டு மற்றதெல்லாம் மறைத்த பை. முதலில் இருநூறு ஸ்டிக்கர்தான்.

மாங்குளம் கடைக்காரர்:
நான் சொன்னதிலிருந்து மாறவில்லை, யாழ்ப்பாணம் என்று போட்டிருந்தால் கெதியாகப் போகும். ஆனால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இருபது பைக்கற் போட்டு விடுங்கோ. கண் மட்டத்து அடுக்கில், யாழ்ப்பாணத் தூளுக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முல்லைத்தீவு வீதியால் சனம் போகும், அதுவரைக்கும் இருக்கட்டும். எது எத்தனை போனது என்று கொப்பியில் எழுதி இங்கே போடுகிறேன். ஒரு பைக்கற்றை நான் உடைத்துத்தான் வைப்பேன், மணம் பிடிக்காமல் ஒருவரும் புதுத் தூள் வாங்கமாட்டார்கள். அதற்குக் காசு நான் தருகிறேன்.