எண்பதாம் கல்யாணமும் உலகக்கோப்பை டிக்கெட்டும்

முருகன்: அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு ஜோசியர் நாள் குறித்துவிட்டார். ஆகஸ்ட் 19, புதன். ஆவணிப் பிறப்பை ஒட்டி அப்பா நட்சத்திரம் வருகிறது. மண்டபத்துக்கு நாளைக்குள் அட்வான்ஸ் தரணும்.

செல்வி: 🙏🙏

கார்த்தி: சமையல் யார்? போன தடவை சாம்பார் தண்ணீர்

அமுதா: அண்ணா, ஆகஸ்ட் 15 முதல் 30 வரை இங்கே உலகக்கோப்பை ஹாக்கி. நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்துகின்றன. ஆட்டம் நடக்கும் வாகனர் மைதானம் நெதர்லாந்தில் எங்கள் ஊர் ஆம்ஸ்டல்வேனிலேயே இருக்கிறது. பவிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

முருகன்: டிவியில் பார்க்கலாமே

செல்வி: எங்கள் கிரகப்பிரவேசத்துக்கும் இப்படித்தான்…

பவித்ரா: மாமா, யிபி விளையாடுவதை நேரில் பார்க்கணும் 😭

கார்த்தி: யார் யிபி?

அமுதா: யிபி யான்சன். 1999இல் பிறந்தவள். பவியின் அறைச் சுவரில் இருப்பது அவள் படம்தான். அப்பா ரோனால்ட் யான்சன் 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய நெதர்லாந்து கோல்கீப்பர். அவர் கோலைத் தடுத்தவர், மகள் கோல் அடிக்கிறவள். டோக்கியோ ஒலிம்பிக் அணியில் அவளுக்கு இடம் இல்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 2024 பாரிசில், 9 கோல் அடித்தாள், பெண்களில் அவள்தான் முதலிடம். இறுதி ஆட்டத்தில் சீனா ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கடைசிக் கால்பகுதி வரை அப்படியே. அப்புறம் பெனால்டி கார்னரில், அதாவது எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பில், இவள்தான் சமன் செய்தாள். சமநிலையை முடிக்க வைத்த ஷூட்அவுட்டில் 3-1, தங்கம். அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீராங்கனை விருதும் அவளுக்கே. இந்த வருடம் கிளப்பில் மேல் அணிக்குப் பவியை எடுக்கவில்லை, தெரியுமில்லையா? மட்டையைத் தொடாமல் கிடந்த பிள்ளை அந்த பாரிஸ் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் மறுபடி பயிற்சிக்குப் போகிறாள். அதனால்தான் அண்ணா கேட்கிறேன்.

கார்த்தி: சரி சரி

கார்த்தி: பவி, வரும்போது சீஸ்

பவித்ரா: கடலைமிட்டாய் தந்தால்

தாத்தா: பவி, அந்தப் பெண் பெனால்டி கார்னரில் பந்தை ஓங்கி அடிக்காமல் இழுத்து விடுகிறாளாமே, எங்கிருந்து இழுக்கிறாள்?

பவித்ரா: இடது காலை நல்லா முன்னால் ஊன்றுவாள் தாத்தா. அப்போது பந்து பின்னால் கிடக்கும். அங்கிருந்தே மட்டையோடு ஒட்டி இழுத்துக்கொண்டு வருவாள். உடம்பு ரொம்பத் தாழ்ந்திருக்கும். விடும்போதுதான் மணிக்கட்டைத் திருப்புவாள். எந்தப் பக்கம் போகும் என்று கீப்பருக்குத் தெரியாது!

தாத்தா: கோவில்பட்டியில் நாங்கள் கரிசல் தரையில் ஆடினோம். அதில் இழுத்தால் பந்து குதிக்கும். பெனால்டி கார்னர் என்றால் ஓங்கி அடிப்பதுதான். இதை நான் பார்க்கணும். வீடியோ அனுப்பு.

முருகன்: அப்பா, நாள்?

தாத்தா: 27 நாள் கழித்து அதே நட்சத்திரம் ஆவணியிலேயே திரும்ப வருகிறது. ஒரே மாதத்தில் இரண்டு வந்தால் பிந்தியதை எடுப்பதுதான் நம் வீட்டு வழக்கம். ஜோசியரிடம் கேள்.

முருகன்: அது செப்டம்பர் 15. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள்

செல்வி: செவ்வாய்க்கிழமையா??

அமுதா: அப்போது பவிக்குப் பள்ளி திறந்திருக்கும். லீவு கேட்டுப் பார்க்கிறேன். இங்கே லேசில் தரமாட்டார்கள்.

முருகன்: மண்டபம் காலியா என்று முதலில் விசாரிக்கிறேன். அட்வான்ஸ் நாளைக்கு வேண்டாம்.

கார்த்தி: சமையல் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை