ஸ்னீக் அட்டாக்: டர்னுக்கு ஒருமுறை என்றால் யாருடைய டர்ன்?

பகடைப்பித்தன்:
நான் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் (ஐந்தாம் பதிப்பு, 2014 விதிநூல்) சென்ற அமர்வில் ஒரு வாக்குவாதத்தால் அரைமணி நேரம் நின்றுபோனது. 5ஆம் நிலை ரோக் (கள்வன் வகைப் பாத்திரம்) ஒருவர் தன் டர்னில், அதாவது தன் முறை வந்தபோது, ஓகர் என்ற அரக்கனைக் குத்தி, கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் திறனுக்குரிய 3 ஆறுமுகப் பகடைகளையும் உருட்டினார். பிறகு ஓகர் தன் டர்னில் விலகி ஓடியபோது, எதிர்வினையாக ஒருமுறை செயல்பட அனுமதிக்கும் ரியாக்‌ஷனைச் செலவழித்து ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகும் எதிரிமீது ஓர் அடி) செய்தார், அதுவும் பட்டது. உடனே அதே 3 பகடைகளை மறுபடியும் கையில் எடுத்தார். "டர்னுக்கு ஒருமுறை" என்று விதி சொல்வது அவருடைய டர்னைத்தான் என்று கொண்டு, நான் தடுத்துவிட்டேன். அவர் இன்னும் சமாதானமாகவில்லை. என் தீர்ப்பு சரிதானா?

நிழல்வாள்:
தவறு என்றே கருதுகிறேன். ரவுண்டு என்பது சுமார் 6 விநாடி. அதற்குள் சண்டையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன் வருகிறது. ஓகருடைய டர்னும் ஒரு டர்ன்தான், அதில் ரோக் இன்னும் ஸ்னீக் அட்டாக்கைப் பயன்படுத்தவில்லை. அதே நூலில் லைஃப் டொமைன் கிளெரிக் (பூசாரி வகைப் பாத்திரம்) 8ஆம் நிலையில் பெறும் டிவைன் ஸ்டிரைக் என்ற கூடுதல் சேதத் திறனைப் பாருங்கள்: அங்கே "உன் ஒவ்வொரு டர்னிலும் ஒருமுறை" என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்குப் பதில் இருமுறை தாக்கவிடும் எக்ஸ்ட்ரா அட்டாக்கிலும் "உன் டர்னில்" என்ற வரையறை உண்டு. ஸ்னீக் அட்டாக்கில் மட்டும் அந்த "உன்" இல்லை. தமிழில் ஆடும் நமக்கு இதில் கூடுதல் குழப்பம் வேறு. டர்னையும் முறை என்கிறோம், தடவையையும் முறை என்கிறோம், "முறைக்கு ஒருமுறை" என்று வேகமாகச் சொல்லும்போது யாருடைய முறை என்பது காணாமல் போய்விடுகிறது.

கோட்டைக்காவல்:
நண்பர் நிழல்வாள் விதிநூலைச் சட்டப்புத்தகம் போலப் படிக்கிறார். ஒரு சொல் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை என்பதை வைத்து வழக்காடும் அளவுக்கு அந்நூலின் சொல்லாட்சி சீரானதன்று. வெறுங்கையால் குத்துவது அந்த விதிகளில் "மெலீ வெப்பன் அட்டாக்" (நெருங்கிநின்று செய்யும் ஆயுதத் தாக்குதல்) ஆகிறது, ஆனால் கை ஓர் ஆயுதமாகாது. இப்படி எழுதியவர்கள் ஒரு "உன்" விடுபட்டதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நம்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மேலும், எதிரியின் கவனச்சிதறலைப் பயன்படுத்தி நுட்பமாகத் தாக்குவதே இத்திறன் என்று விளக்கம் சொல்கிறது. ஓடுகிறவனை அவசரமாக வெட்டுவதில் என்ன நுட்பம்? 3 பகடைகளின் சராசரி 10.5, அதை ஒரே ரவுண்டில் இருமுறை கொடுத்தால் மற்ற ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வேண்டும்.

நிழல்வாள்:
முதுகைக் காட்டி ஓடுகிறவனைவிடக் கவனம் சிதறியவன் யார்? கணக்குக்கு வருகிறேன். 5ஆம் நிலையில் கிரேட்ஸ்வார்டு (பெருவாள்) ஏந்திய வீரர் (ஃபைட்டர் வகைப் பாத்திரம்) இரு அடியும் பட்டால் சராசரியாக 22 சேதம் செய்கிறார் (பலம் +4 என்று கொண்டால்). ஷார்ட்ஸ்வார்டு (குறுவாள்) ஏந்திய ரோக், சுறுசுறுப்பு +4 உடன் ஸ்னீக் அட்டாக்கும் சேர்ந்து, ஓர் அடியில் 18. இரண்டாவது ஸ்னீக் அட்டாக் இலவசமாகவும் வருவதில்லை: ரியாக்‌ஷன் அவருடைய அடுத்த டர்ன் தொடங்கும்வரை ஒன்றுதான், அதே 5ஆம் நிலையில் கிடைக்கும் அன்கேனி டாட்ஜுக்கும் அதுவே தேவை. ஓகரை வெட்டியவர், அடுத்து வரும் அடியைப் பாதியாகக் குறைக்கும் வாய்ப்பை இழந்துவிட்டார். பேட்டில் மாஸ்டர் வகை வீரரின் கமாண்டர்ஸ் ஸ்டிரைக்கும் (கூட்டாளியை அடிக்க வைக்கும் உத்தி) இப்படித்தான்: தன் அடி ஒன்றையும், போனஸ் ஆக்‌ஷனையும், இத்தகைய உத்திகளுக்கென உள்ள ஒரு சுப்பீரியாரிட்டி பகடையையும் விட்டுக்கொடுத்துத்தான் ரோக்கை வீரரின் டர்னில் அடிக்க வைக்க முடியும். இரு ஆட்டக்காரர்கள் சேர்ந்து செய்யும் அழகான ஏற்பாடு அது. பகடைப்பித்தனின் தீர்ப்பு அதன் பயனைப் பெரும்பாலும் பறித்துவிடுகிறது.

வரைபடக்காரி:
சொல் தற்செயலா, திட்டமிட்டதா என்பதற்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது. 2022இல் வெளியிட்ட சோதனை விதிகளில் ஸ்னீக் அட்டாக்கை ரோக்கின் சொந்த டர்னுக்குள் அடக்கிப் பார்த்தார்கள். 2024 நூலில் மீண்டும் பழையபடி "டர்னுக்கு ஒருமுறை" என்றே வைத்தார்கள். பழைய சொற்களே சொந்த டர்னைத்தான் குறித்தன என்றால், சோதனையில் அவற்றை மாற்ற வேண்டிய தேவையே எழுந்திருக்காது. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். ரோக்குக்கு அட்வான்டேஜ் (இரு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் சாதகம்) இல்லாவிட்டால், ஸ்னீக் அட்டாக் செல்ல ஓகரின் வேறோர் எதிரி அதற்கு 5 அடிக்குள் நிற்க வேண்டும். ஆப்பர்சூனிட்டி அட்டாக் நிகழ்வது, ஓகர் ரோக்கின் எட்டுதூரத்தை விட்டு நீங்கும் கணத்துக்குச் சற்று முன்னால். அந்தக் கட்டத்தில் யாராவது அதன் அருகில் இருந்தார்களா?

கோட்டைக்காவல்:
2022 சான்று வலுவானது, மறுக்கவில்லை. சொற்பொருள் நிழல்வாளின் பக்கம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் பெற்ற ரோக், அந்த மந்திரம் தரும் கூடுதல் ஆக்‌ஷனால் தன் டர்னில் அடித்துவிட்டு, சொந்த ஆக்‌ஷனை ரெடி செய்துவைத்து அடுத்தவர் டர்னில் மறுபடி அடிப்பதை என் மேசையில் அனுமதிக்க மாட்டேன். எதிரி தப்பி ஓடியதால் வந்த வாய்ப்பு வேறு, ரவுண்டுதோறும் திட்டம்போட்டு இரட்டிப்பது வேறு. இது விதியின் விளக்கமன்று, என் வீட்டு விதி என்று பாத்திரம் உருவாக்கும் நாளிலேயே சொல்லிவிடுவேன்.

நிழல்வாள்:
முன்கூட்டியே சொன்னால் எனக்கும் ஆட்சேபமில்லை. ஹேஸ்ட் போட்டவரின் கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தை நீடிக்க வைக்கும் மனக்குவிப்பு) உடைந்தால் ரோக் ஒரு டர்ன் முழுக்க அசையாமல் நிற்க வேண்டியிருக்கும், அந்த ஆபத்தே போதும் என்பது என் கருத்து. சண்டை நடுவே, பகடை கையில் இருக்கும்போது வீட்டு விதி பிறப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பகடைப்பித்தன்:
வரைபடக்காரி கேட்ட பிறகு, அன்று எடுத்த மேசைப் படத்தைப் பார்த்தேன். ஓகர் நேராக ஓடவில்லை. ரோக்கைச் சுற்றி மறுபக்கம் வந்து, அங்கிருந்துதான் விலகியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் அதற்கும் எங்கள் குழுவின் வீரருக்கும் இடையே 10 அடி. வீரர் தன் ரியாக்‌ஷனை முன்பே செலவழித்திருந்ததால் அவர் பக்கம் விலகியதை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. அட்வான்டேஜும் கிடையாது. ஆக, அந்த 3 பகடைகள் ரோக்குக்குச் சேர வேண்டியவை அல்ல. நான் சொன்ன காரணத்தால் அல்ல, நான் பார்க்கத் தவறிய காரணத்தால். அடுத்த அமர்வில் என் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, படத்தையும் காட்டப்போகிறேன். எதை முதலில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.